நேரம் தவறாதவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களை ‘ஆசிரியர்’ என்று அழைத்து எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. 26 ஆண்டுகள் நான் தேடி அலைந்தது வேறு வகை ஆசிரியர்களை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் மற்றப் பணியாளர்களையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. முதலில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். விண்ணப்பங்களைக் கோப்பில் அடுக்குகிறவளுக்குத்தான் யார் எந்தப் பள்ளியில் எத்தனை நாள் இருந்தார் என்பது மனப்பாடமாக இருக்கும். அதனாலேயே நேர்காணல் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அப்புறம் அதே நிர்வாகத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடமே வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன்.

ஆசிரியர் பற்றாக்குறை பற்றி உங்கள் பக்கத்தில் வந்த கடிதங்களைப் படித்துவருகிறேன். சம்பளம், வேலைச்சுமை, மரியாதைக் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாம் சரிதான். 2030க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை, அதில் பத்துக்கு ஏழு பேர் இடைநிலைக் கல்விக்குத் தேவை என்று யுனெஸ்கோ கணக்குப் போட்டிருப்பதையும் ஒருவர் எடுத்துக் காட்டியிருந்தார். நான் எழுத வந்தது அந்தப் பற்றாக்குறையின் நிழலில் நடக்கும் ஒரு சின்னக் காரியத்தைப் பற்றி. ஓர் ஆசிரியர் ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குப் போகும்போது கையோடு கொண்டுபோகிறாரே, ஒரு பக்கக் கடிதம், அதைப் பற்றி. அனுபவச் சான்றிதழ் என்போம், நன்னடத்தைச் சான்றிதழ் என்போம். பெயர் எதுவானாலும், அந்தத் தாளை நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்படிப்பட்ட தாள்களை வருஷக்கணக்கில் தட்டச்சு செய்தவள் சொல்கிறேன்.

அந்தக் கடிதங்களுக்கென்று ஒரு மொழி உண்டு. புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஒருவரைப் பிரிய மனமில்லாமல் அனுப்புகிற தலைமையாசிரியர், எழுதும்போது தன்னை மறந்து நீட்டிவிடுவார். எந்த வகுப்பு, எந்த ஆண்டு, தேறாது என்று கைவிட்ட பையனை எப்படித் தேற்றினார், ஆண்டு விழாவுக்கு எத்தனை நாள் இருட்டும்வரை இருந்தார் என்றெல்லாம் அதில் வரும். சில சமயம் கோபம்கூடத் தெரியும்: “இவரை இழப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை.” ஒருவர் போனால் போதும் என்று அனுப்புகிறவரின் கடிதமோ சுத்தமாக, வழவழவென்று இருக்கும். “பாடத்தில் புலமை உள்ளவர். நேரம் தவறாதவர். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறார். அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் ‘மாணவர்கள்’ என்ற சொல் ஓரிடத்திலாவது வருகிறதா என்று தேடிப் பாருங்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் பற்றிய கடிதத்தில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நேரம் தவறாதவர் என்பதை முதல் புகழாகப் போட்டிருந்தால் இன்னும் கலக்கும். சுவர்க் கடிகாரமும்தான் நேரம் தவறுவதில்லை.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தும் நான் ஒருவரை எடுத்தேன்.

கணித ஆசிரியர். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தவர் கடைசி நேரத்தில் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டார். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்த ஆளில்லை என்றால் அந்தச் செய்தி பெற்றோர்களிடம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இவர் வந்தார். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னோம். விடுமுறைக்கால வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சாக்பீஸைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிறு. இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டினால் பன்னிரண்டு பாகம். மூன்று பிள்ளைகளை எழுப்பி, மூன்று பாகத்தில் ஒருவர், நான்கு பாகத்தில் ஒருவர், ஐந்து பாகத்தில் ஒருவர் என்று பிடித்து இழுக்கச் சொன்னார். முக்கோணம் நின்றது. அதை அப்படியே நடத்திக்கொண்டு போய் அறையின் மூலையில் வைத்தார். செங்கோணம் சுவரில் அச்சாகப் பொருந்தியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்கள் தலைமையாசிரியரும் தட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன்.

மாதிரி வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். பாடம் நடத்தத் தெரியுமா என்பதை அது காட்டும். ஒரு வேளையில் அதைவிட நல்ல வழி கிடையாது; ஆனால் அது காட்டுவது அவ்வளவுதான். இருபது பேர் முன்னால், ஐந்து பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது யாரும் தவறாக நடக்கமாட்டார்கள். கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து மயங்கிவிட்டால், அதற்கப்புறம் விண்ணப்பத்தைப் பார்க்கிற கண்ணே மாறிவிடுகிறது. அவருடைய விண்ணப்பத்தில் ஆறு ஆண்டில் நான்கு பள்ளிகள் இருந்தன. தேதி போட வேண்டிய கட்டங்களில் ஆண்டு மட்டும் இருந்தது, மாதம் இல்லை. மாதம் போடாமல் ஆண்டை மட்டும் போட்டால் நடுவில் ஏழெட்டு மாத ஓட்டை இருந்தாலும் தெரியாது. இந்தத் தந்திரத்தை நான் நூறு விண்ணப்பத்திலாவது பிடித்திருப்பேன். அன்றைக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

போன் மட்டும் போட்டேன். அவர் கடைசியாக இருந்த பள்ளியின் தலைமையாசிரியர் எடுத்தார்.

“பாடம் எப்படி சார் நடத்துவார்?”

“பிரமாதமா நடத்துவார் மேடம்.”

“பசங்ககிட்ட எப்படி?”

“நல்லா... நேரத்துக்கு வந்துடுவார். லீவே போடமாட்டார்.”

“மறுபடி வர்றேன்னு சொன்னா எடுத்துக்குவீங்களா சார்?”

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம், “இப்போதைக்கு எங்ககிட்ட காலியிடம் இல்ல மேடம்” என்றார்.

நான் கேட்டது காலியிடத்தைப் பற்றி அல்ல என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பணி நியமன ஆணை மறுநாள் கையெழுத்தானது.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் மதியம் ஒரு தாய் வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பெண்ணின் அம்மா. தலைமையாசிரியர் வெளியே போயிருந்ததால் என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். மகளுக்கு வந்த குறுஞ்செய்திகள். முதலில் எல்லாம் கணக்கு. இந்தப் பயிற்சியில் ஏழாவதைப் போட்டுப் பார், அந்த வாய்பாட்டை மறந்துவிடாதே. கீழே போகப் போகக் கணக்கு குறைந்தது. தூங்கியாச்சா. இன்றைக்கு ஏன் முகம் வாட்டமாக இருந்தது. அம்மாவிடம் காட்டாதே, தப்பாக நினைப்பார்கள்.

“நான் அவ்வளவா படிச்சவ இல்ல மேடம்,” என்றார் அந்த அம்மா. “என்ன எழுதியிருக்குன்னுகூட விட்டுடுங்க. நேரத்தை மட்டும் பாருங்க.”

பார்த்தேன். இரவு 11.40. 11.52. அடுத்த நாள் 11.45.

விசாரித்தபோது இன்னும் இரண்டு பிள்ளைகள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே நாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு வீட்டில், வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். நிர்வாகத்துக்குப் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். இரண்டு பயமும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஆறு மணிக்கு அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ‘சொந்தக் காரணங்களுக்காக.’ ஆறரைக்குத் தலைமையாசிரியர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்ததை நான் தட்டச்சு செய்தேன். பாடத்தில் புலமை உள்ளவர். நேரம் தவறாதவர். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். என் விரல்கள் தடுமாறவில்லை. பழகிய வாசகங்கள்தானே.

இப்போது பல நாடுகளின் சட்டம், இப்படி ஒன்று தெரியவந்தால் பள்ளி தானாகவே காவல் துறையிடமோ குழந்தைகள் நலத் துறையிடமோ சொல்லியாக வேண்டும் என்கிறது. குடும்பம் வேண்டாம் என்றது, நிர்வாகம் வேண்டாம் என்றது என்பதெல்லாம் அங்கே சாக்காக நிற்காது. அன்றைக்கு எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருப்பேனா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு. பதில் எனக்குச் சாதகமாக வருவதில்லை.

மறு ஆண்டு, அதே ஆள் எடுக்கும் பருவத்தில், எனக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல். வேறொரு பள்ளியில் என் வேலையைப் பார்க்கிறவர். என்னைவிட வயதில் சின்னவராக இருக்க வேண்டும். கேள்விகளை வரிசையாகக் கேட்டார். நல்ல கேள்விகள். கடைசியில், “மறுபடி வந்தா எடுத்துக்குவீங்களா மேடம்?”

என் வாயிலிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது: “இப்போதைக்கு எங்ககிட்ட காலியிடம் இல்லம்மா.”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், அலுவலகப் போனிலிருந்து இல்லை, என் சொந்தப் போனிலிருந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. “அவர் நேத்தே சேர்ந்துட்டார் மேடம்” என்றார். அப்புறம், “இதை எழுத்துல தர முடியுமா?” என்றார். முடியாது என்றேன். எங்களிடம் எழுத்தில் ஒன்றுமே கிடையாது. விசாரணை அறிக்கை இல்லை, புகார் மனு இல்லை. அந்தக் கைப்பேசிச் செய்திகளின் படம்கூட இல்லை. இருந்தது என் கையால் அடித்த நற்சான்று ஒன்றுதான். அவர் நிர்வாகத்திடம் போய் என்னவென்று சொல்வார்? பெயர் சொல்லாத ஒருத்தி போனில் சொன்னாள் என்றா? அதற்கப்புறம் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுபடி போன் போட்டுக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இது எங்கள் பள்ளியோடு நிற்கிற கதை என்று முதலில் நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் இதற்குக் கொச்சையாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: குப்பையைக் கைமாற்றி விடுவது. அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்காகக் கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2010இல் 15 சம்பவங்களை எடுத்து ஆராய்ந்தது. பாலியல் ரீதியாகத் தவறாக நடந்த வரலாறு உள்ளவர்களைப் பள்ளிகள் வேலைக்கு எடுத்த, அல்லது வேலையில் வைத்திருந்த சம்பவங்கள் அவை. அதில் குறைந்தது 11 பேர் முன்பே குழந்தைகளிடம் தவறாக நடந்தவர்கள். குறைந்தது 6 பேர் புதிய இடத்திலும் அதையே செய்தார்கள். பழைய பள்ளி நல்ல கடிதம் கொடுத்து அனுப்பியதும் அந்த அறிக்கையில் வருகிறது. 2014இல் பென்சில்வேனியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பள்ளிக்கு ஆள் எடுப்பவர், விண்ணப்பதாரர் முன்பு வேலை பார்த்த பள்ளிகளையும், குழந்தைகளோடு பழகும் வேலையாக இருந்தால் மற்ற இடங்களையும், தாமே தொடர்புகொண்டு கேட்க வேண்டும், கேட்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். மறுவருஷம் வந்த தேசியக் கல்விச் சட்டத்திலும், இப்படிப்பட்டவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க உதவுவதைத் தடுக்கும் பிரிவு ஒன்று சேர்ந்தது. அதைப் படித்தபோது என் துண்டுத்தாள் ஞாபகம்தான் வந்தது. ‘உதவுவது’ என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் கதை இன்னும் கொடூரமானது. அங்கே சம்பந்தப்பட்டவர் ஆசிரியர்கூட இல்லை, ஓர் இடைநிலைப் பள்ளியின் பராமரிப்பாளர். 2002இல் சோஹம் என்ற ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவர். அவர் மீது முன்பு வேறோர் ஊரில் பலமுறை புகார்கள் வந்திருந்தன, தண்டனை எதுவும் ஆகவில்லை. வேலைக்கு விண்ணப்பித்தபோது தனக்கு இரண்டு பெயர் உண்டு என்று அவரே சொல்லியிருந்தும், காவல் துறைச் சரிபார்ப்பு ஒரு பெயரில் மட்டுமே நடந்தது. மைக்கேல் பிச்சார்ட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2004இல் வந்தது. காவல் துறையின் தவறுகளோடு, பள்ளி அவரை வேலைக்கு எடுத்த விதத்தையும் அது விடவில்லை. இன்று அந்த நாட்டில் பள்ளிக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் குழுவில், பாதுகாப்பாக ஆள் எடுப்பது எப்படி என்று பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். ‘சம்பந்தப்பட்டவர் யாராயினும் அவருக்கு’ என்று பொதுவாக எழுதி விண்ணப்பதாரரே கொண்டுவரும் கடிதத்தை ஏற்கக் கூடாது. பள்ளியே நேராகக் கேட்டு வாங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் ராஜினாமா செய்துவிட்டாலும் விசாரணையை நிறுத்தக் கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் பள்ளியில் ராஜினாமாக் கடிதம் வந்ததும் எல்லோருக்கும் ‘அப்பாடா’ என்று இருந்தது. அந்த அப்பாடாவில்தான் எல்லாம் போயிற்று. விசாரணையை முடித்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தால், மறு ஆண்டு அந்தப் பெண் கேட்டபோது கொடுக்க என் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

பராமரிப்பாளர் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நியமனத்துக்கு ஐந்து பேர் உட்காருவோம், மாதிரி வகுப்பு பார்ப்போம், மதிப்பெண் போடுவோம். ஆய்வக உதவியாளர், காவலாளி, வண்டி ஓட்டுநர், விடுதிக் காப்பாளர், துப்புரவுப் பணியாளர் இவர்களுக்கெல்லாம்? “நம்ம ஆளு சொன்னார்” என்று ஒரு வரி போதும், மறுநாள் சேர்ந்துவிடலாம். ஆசிரியர் வகுப்பில் நாற்பது பேரோடு இருக்கிறார். விடுதிக் காப்பாளர் இரவில், பூட்டிய கட்டடத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நாங்கள் கேட்டதில்லை. அந்த வேலைகளில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கமானவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் ஒரு ஆய்வக உதவியாளர் இருந்தார். அமிலக் குப்பிகளைப் பூட்டிய சாவியை எந்த ஆசிரியர் அவசரம் என்று கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்கமாட்டார். தலைமையாசிரியரிடமே வாங்கினார். அவரை எடுத்தது என் பெருமை இல்லை, தானாக அமைந்தது.

சரி, போனில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான் வழியா என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதிலும் விழுந்திருக்கிறேன். மொழி ஆசிரியை ஒருவருக்காக அவருடைய பழைய பள்ளிக்குப் போன் போட்டபோது, “ஒத்துழைக்கமாட்டாங்க மேடம், பிரச்சினை பண்றவங்க” என்று பதில் வந்தது. என்ன பிரச்சினை என்று நான் கேட்கவில்லை. ஒதுக்கிவிட்டேன். பல மாதம் கழித்து வேறு வழியாகத் தெரிந்தது: தேறாத ஒரு பையனின் விடைத்தாளில் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொன்னார்களாம், முடியாது என்றிருக்கிறார். அவர்தான் எனக்கு வேண்டிய ஆசிரியை. சம்பள பாக்கியைக் கேட்டவர், பிரசவ விடுப்புக் கேட்டவர், பணிக்காலம் முடியும் முன் நல்ல வேலை கிடைத்துப் போனவர் இவர்களைப் பற்றியெல்லாம் தலைமையாசிரியர்கள் போனில் சுருக்கமாக, கசப்பாகப் பேசுவார்கள். பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரைப் பற்றித்தான் வழவழவென்று பேசுவார்கள். முதல் வகையில் பள்ளிக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. இது புரிய எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயிற்று.

அதனால் பிற்பாடு நான் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். ஆள் எப்படி என்று கேட்பதை விட்டேன். அது அபிப்பிராயம், கேட்டால் அபிப்பிராயம்தான் வரும். “இவர் மேல் பிள்ளைகளோ பெற்றோரோ எப்போதாவது புகார் கொடுத்ததுண்டா? விசாரித்தீர்களா? என்ன முடிவாயிற்று? அது எழுத்தில் இருக்கிறதா?” இதே கேள்விகளை எல்லோரைப் பற்றியும், ஒரே வரிசையில் கேட்பேன். பிடித்தவருக்கு ஒன்று, பிடிக்காதவருக்கு ஒன்று என்று இல்லை. புகார் வந்தது, விசாரித்தோம், பொய் என்று தெரிந்தது என்று பதில் வந்தால் அதையும் அப்படியே குறித்துக்கொண்டு, விண்ணப்பதாரரிடமும் அவர் பக்கத்தைக் கேட்பேன். அப்படி ஒருவரை எடுத்தும் இருக்கிறோம், அவர் இன்னும் அங்கே இருக்கிறார், பிள்ளைகளுக்குப் பிடித்தமானவர். ‘இல்லை’ என்று பதில் வந்தால் இன்னொன்று செய்வேன்: “சரி சார், நீங்க சொன்னதை ரெண்டு வரி மின்னஞ்சல்ல அனுப்பிடுங்க, கோப்புக்கு வேணும்.” உண்மையிலேயே இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். சிலரிடமிருந்து கடைசிவரை வராது. வராத மின்னஞ்சல்தான் எனக்குக் கிடைத்த பதில்.

விண்ணப்பப் படிவத்தில் மாதமும் போட வேண்டும் என்று திருத்தினேன். போடாதவர்களை நேர்காணலில் உட்காரவைத்து, நானே பேனாவோடு கட்டம் கட்டமாக நிரப்பினேன். நடுவில் ஓட்டை விழுந்தால் கேட்டேன். பெரும்பாலும் அது நோய்வாய்ப்பட்ட அப்பா, கைக்குழந்தை, கிடைக்காத வேலை. கேட்டதும் சிலர் கண் கலங்கிவிடுவார்கள். ஆண்டு மட்டும் போட்டு அந்த மாதங்களை ஏன் மறைத்தீர்கள் என்றால், வேலையில்லாமல் இருந்தேன் என்று தெரிந்தால் எடுக்கமாட்டீர்களோ என்ற பயம் என்பார்கள். அவர்கள் பயந்ததற்கும் எங்களைப் போன்றவர்கள்தான் காரணம்.

நிர்வாகத்தில் சிலருக்கு இதெல்லாம் எரிச்சல். “பள்ளிக்கூடம் நாளைக்குத் திறக்குது, நீங்க துப்பறியும் வேலை பாக்கறீங்களா?” என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கணக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வாரம் போனால் பிள்ளைகளுக்கு நஷ்டம். ஒரு முறை அப்படியே போயிற்று; அந்த இரண்டு வாரமும் உடற்கல்வி ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் பயிற்சிக் கணக்கு போட்டார்கள். பெற்றோர் சத்தம் போட்டார்கள். இரண்டு வாரப் பாடத்தைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டினோம். மற்றதை எந்தச் சனிக்கிழமையில் ஈடுகட்டுவது?

உங்கள் பத்திரிகையைத் தலைமையாசிரியர்களும் தாளாளர்களும் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் தினமும் முதலில் பிரித்தது அதைத்தான். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது உங்கள் மேசையில், போய்விட்டால் போதும் என்று நீங்கள் நினைக்கும் ஒருவரின் ராஜினாமாக் கடிதம் இருந்தால், அவருக்குக் கொடுக்கப்போகும் தாளைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் விசாரணையை முடியுங்கள். ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். காவல் துறைக்குச் சொல்ல வேண்டியதாக இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். நாளைக்கு எங்கிருந்தோ ஒருத்தி போன் போட்டு, மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால், காலியிடத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து போடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஓய்வுபெற்றவளை யார் என்ன செய்துவிட முடியும்? என் பெயர் தெரிந்தால் பள்ளி எது என்று தெரிந்துவிடும். பள்ளி தெரிந்தால், அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் படித்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஆள்தேர்வு அலுவலர்